கடைசேர்ந்த காளை

ஜூன் 2, திங்கள்

பூபதி என்னைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டான். நான் வருகிறேன் என்று சொல்லவில்லை. முதுகு வலியோடு நான் படுத்துக் கிடந்ததைப் பக்கத்து வீட்டுக்காரன் போனில் சொல்லியிருக்கிறான். அடுத்த நாளே என் மகன் காரோடு வாசலில் நிற்கிறான்.

வழியில் ஏசியைக் குறைக்கச் சொன்னேன். கேட்கவில்லை. திரும்பச் சொன்னேன். பல்லடம் தாண்டித்தான் அவனுக்குக் காதில் விழுந்தது. அவன் ஓட்டும்போது நான் அவனுக்கு இடப் பக்கம் உட்காரவேண்டியிருக்கிறது. இடது காது அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே மந்தம். காய்ச்சலில் போனது என்று அவன் அம்மா சாகும்வரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வீடு கணபதிப் பகுதியில், மூன்றாவது மாடி. குழந்தையின் அறையை எனக்குக் கொடுத்துவிட்டுத் தொட்டிலைத் தங்கள் அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். அவர்கள் அறைக் கதவின் உள்பக்கம் ஒரு புதுத் தாழ்ப்பாள். தரையில் மரத்தூள் இன்னும் கூட்டப்படாமல் கிடந்தது.

ஜூன் 4, புதன்

டாக்டர் பெயர் ஹசீனா. சின்னப் பெண். பிராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய், முதுகெலும்புக்குப் போய்விட்டது என்று படத்தைக் காட்டினாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அழுவேன் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ, மேசை மேல் முகம் துடைக்கும் காகிதப் பெட்டியை என் பக்கம் தள்ளினாள்.

"ஆண் ஹார்மோனை நிறுத்தணும் ஐயா. அதைத் தின்னுதான் கட்டி வளருது. மூணு மாசத்துக்கு ஒரு ஊசி போட்டா போதும்."

"காயடிக்கறதுன்னு நேராச் சொல்லுங்க."

"ஊசியில பண்றதுங்க. கத்தி கிடையாது."

"இடுக்கியிலயும் கத்தி கிடையாதுங்க."

அவளுக்குப் புரியவில்லை. பூபதி இடையில் புகுந்தான். "அப்பா மாட்டாஸ்பத்திரியில இருந்தாருங்க டாக்டர். காளைக்குக் காயடிக்கற வேலை."

அந்த வேலையை நான் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும்வரை செய்தேன். உதவியாளராகச் சேர்ந்தேன், உதவியாளராகவே வெளியே வந்தேன். சான்றிதழ் வைத்திருந்தவனெல்லாம் என் தலைமேல் ஏறிக் கால்நடை இன்ஸ்பெக்டர் ஆனான். நான் எட்டாம் வகுப்பு. ஆங்கிலத்தை அகராதி வைத்து நானே படித்தேன். அதற்கு எவனும் ஒரு ரூபாய் கூட்டிக்கொடுக்கவில்லை.

இடுக்கியை வைத்து நரம்பை நசுக்கினால் காளை ஒரு தடவை கத்தும். அடுத்த முறை அதைப் பார்க்கும்போது அது வேறு பிராணி. திமில் சரிந்திருக்கும். கழுத்து மெலிந்திருக்கும். யார் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தாலும் பின்னால் வரும். அதன் கண்ணை நான் பார்த்திருக்கிறேன்.

ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"யோசிங்க ஐயா. ஆனா ரொம்ப நாள் யோசிக்காதீங்க. முதுகெலும்பு நொறுங்கினா கால் ரெண்டும் போயிரும். அப்புறம் என்கிட்ட வந்தாலும் நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"கால் போனா போகட்டுமுங்க" என்று எழுந்தேன். எழுந்திருக்கும்போது நாற்காலியைப் பிடிக்கவேண்டியிருந்தது. பூபதி கை நீட்டினான். தட்டிவிட்டேன்.

ஜூன் 5, வியாழன்

மருமகள் நித்யகலா வங்கியில் வேலைக்குத் திரும்பிவிட்டாள். குழந்தைக்கு ஏழாவது மாதம். யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்றால், என் மகன். கம்பெனியில் ஆறு மாதம் சம்பளமில்லாத விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறான்.

இன்று காலை குளியலறைக் கதவு திறந்திருந்தது. பூபதி வேட்டியை மடித்துக் கட்டி, முக்காலியில் உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டி, அதன் மேல் குழந்தையைக் குப்புறப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். பொம்பளைகள் உட்காருவதுபோல.

"வெக்கமா இல்லையாடா?"

வலது காதைத் திருப்பினான். "என்னுங்ப்பா?"

"ஆம்பளை பண்ற வேலையான்னு கேட்டேன்."

"குளிக்க வெக்கறதுக்கு கால் ரெண்டு இருந்தாப் போதுமுங்ப்பா." குழந்தையின் முதுகைத் துடைத்துக்கொண்டே சொன்னான். என்னைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துப் பேசும் பழக்கம் அவனுக்கு எப்போதுமே கிடையாது.

ஜூன் 7, சனி

பூபதியைக் கணினியிலிருந்து சில கட்டுரைகளை அச்செடுத்துத் தரச் சொன்னேன். எதைப் பற்றி என்று கேட்டான். ஆண் ஹார்மோன் என்றேன். ஊசிக்குச் சம்மதிக்கப்போகிறேன் என்று நினைத்து ஓடி ஓடி எடுத்துக் கொடுத்தான்.

நாள் முழுக்கப் படித்தேன். சுண்டெலியில், இணை சேராத ஆண் கண்ணில் படும் குட்டியைக் கடித்துக் கொல்லும். இணை சேர்ந்து, பெட்டை ஈனும் காலம் வந்தால் அதே ஆண் குட்டியை வாயில் கவ்விக் கூட்டில் கொண்டுபோய்ப் போடும். ஒரு வகைக் குரங்கில் தகப்பன்தான் குட்டியைச் சுமந்து திரிகிறது. தாய்க்குப் பால் சுரக்க வைக்கிற ஹார்மோன் அந்தத் தகப்பன் ரத்தத்தில் ஏறுகிறது. மனிதனிலும் கைக்குழந்தையைக் கவனித்துக்கொள்கிற தகப்பனுக்கு ஆண் ஹார்மோன் இறங்குகிறது. எத்தனை மணி நேரம் தூக்குகிறானோ அத்தனை இறங்குகிறது.

இரவுச் சாப்பாட்டில் இதை எடுத்துச் சொன்னேன். "உனக்கு ஊசியே வேண்டாம்டா. நீ காயடிக்காமயே காயடி பட்டவன்."

நித்யகலா கையிலிருந்த கரண்டியை வைத்தாள். பூபதி சிரித்தான். "நல்லதுங்ப்பா. கொறைஞ்ச வரைக்கும் எம் பிள்ளைக்கு லாபம்."

அவன் அம்மாவின் வாய் அது.

ஒரு கட்டுரையில் இதற்கு நேர்மாறாக எழுதியிருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் ஒரு எலி வகை. அதில் அதே ஆண் ஹார்மோன் இருந்தால்தான் தகப்பன் குட்டியை அணைத்துப் படுக்கிறதாம், நிறுத்தினால் குட்டியை விட்டுவிடுகிறதாம். ஒரே சரக்கு ஒரு பிராணியைக் கடிக்க வைக்கும், இன்னொன்றை அணைக்க வைக்கும் என்றால் அதென்ன விஞ்ஞானம். அந்தத் தாளை மட்டும் நான் நம்பவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

காலையில் குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை. யாரையும் கூப்பிடவில்லை. வெறுங்காலோடு நடந்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

இந்த வீட்டில் ஒன்றைக் கவனித்தேன். பூபதி குப்பை கொட்டக் கீழே போனாலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டுதான் போகிறான். ஒரு கையில் குப்பைப் பை, ஒரு கையில் குழந்தை. நான் கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். என் கையில் இதுவரை ஒரு தடவைகூடக் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கமாட்டேன்.

கீழே மீட்டர்ப் பெட்டிக்கு அடியில் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. வெளியிலிருந்து வந்த கடுவன் பூனை ஒன்று இரண்டு குட்டிகளைக் கொன்றுவிட்டது. நித்யகலா வேலை விட்டு வந்ததும் அதைப் பார்த்துவிட்டு வந்து முகம் வெளிறி உட்கார்ந்திருந்தாள்.

"இதுக்குப் போய் ஏன் இப்படி உக்காந்திருக்கறே? தன் குட்டி இல்லைன்னா கடுவன் கொல்லத்தான் செய்யும். அதோட ரத்தத்துல இருக்கறது அது" என்றேன்.

"சரிங்க மாமா. தன் குட்டியையே அடிக்கறதுக்கு ரத்தத்துல என்னுங் பேரு?"

சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். படித்த பெண்களுக்கு வாய் நீளம். நான் சாப்பிடாமல் படுத்தேன். யாரும் வந்து எழுப்பவில்லை.

ஜூன் 12, வியாழன்

வலியில் படுத்துக்கொண்டே மூலனூர்க் காளையை நினைத்தேன்.

பசுக்களோடு இணை சேர்க்க வைத்திருந்த பொலிகாளை அது. எட்டுப் பல்லும் முளைத்துக் கடைசேர்ந்த பிறகு, வயதாகிவிட்டது என்று காயடிக்கக் கொண்டுவந்தார்கள். கன்றுப் பருவம் தாண்டும்போது அடிக்கவேண்டிய காயை அவ்வளவு தாமதமாக அடித்தேன். அடுத்த பொங்கலுக்கு முன்னால் தீனி வைக்கப் போனவன் விலாவில் குத்திவிட்டது. விதை செத்துப் பல மாதம் ஆகியிருந்தது. ஆனால் குத்திக் குத்திப் பழகிய தலைக்கு அது தெரியவில்லை. கடைசேர்ந்த காளையின் குணத்தை இடுக்கியால் எடுக்க முடியாது.

எனக்கு எழுபத்திரண்டு வயது.

பூபதியைக் கூப்பிட்டு, ஊசி போட்டுக்கொள்கிறேன் என்றேன். அவன் கண் கலங்கிவிட்டது. "உனக்காகவோ உன் பொண்டாட்டிக்காகவோ இல்லை. அந்த ஊசியால என்னை ஒண்ணும் பண்ண முடியாது. அதைக் காட்டறதுக்குத்தான்" என்றேன்.

"எதுக்கோ, போட்டுக்குங்ப்பா."

ஜூன் 16, திங்கள்

வயிற்றுத் தோலில் போட்டார்கள். இடுக்கியின் சத்தம்கூட இல்லை. டாக்டர் கூடவே மாத்திரையும் எழுதிக் கொடுத்தாள். "இது கட்டாயமுங்க ஐயா, ஊசியோட சேர்த்துச் சாப்பிடணும்" என்று இரண்டு தடவை சொன்னாள். நான் சம்மதித்தது ஊசிக்கு. எந்தக் காளைக்கும் நாங்கள் மாத்திரை கொடுத்ததில்லை. பால்கனியில் கறிவேப்பிலைத் தொட்டி இருக்கிறது. இன்றைய மாத்திரை அதற்குள் போயிற்று. நாளையதும் போகும்.

ஜூன் 17, செவ்வாய்

மாறிவிட்டேனா என்று பார்க்க, கீழே போய்க் காவலாளியோடு சண்டை போட்டேன். காரணம் எதுவும் இல்லை. கேட்டைத் தாமதமாகத் திறந்தான் என்று வைத்துக்கொண்டேன். குரல் அப்படியே இருக்கிறது. மூன்று மாடிக்கும் கேட்டிருக்கிறது.

ஜூன் 19, வியாழன்

வலி கூடிவிட்டது. எழுந்து உட்காரவே முடியவில்லை. பூபதி டாக்டருக்குப் போன் போட்டான். பரிசோதனைக்கூடத்துப் பையன் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போனான். வலிக்கு ஒரு மருந்து சொல்லியிருக்கிறாள். அதைச் சாப்பிட்டதும் கொஞ்சம் எழுந்து நடமாட முடிந்தது. மற்றது தொட்டிக்கு.

ஜூன் 20, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நித்யகலா வேலைக்குப் போய்விட்டாள். குழந்தை தூங்கியது. கீழே ஏதோ பார்சல் வந்திருக்கிறது என்று போன் வந்தது. பூபதி தொட்டிலை ஒரு தடவை பார்த்தான். என்னை ஒரு தடவை பார்த்தான். "இதோ வந்துர்றனுங்ப்பா" என்று இறங்கினான். தூங்குகிற குழந்தையை எழுப்ப மனமில்லாமல் விட்டுப் போனான், அவ்வளவுதான். அவன் திரும்ப லிஃப்டில் ஏறியதும் கரண்ட் போய், காவலாளி திறந்துவிடும்வரை உள்ளேயே மாட்டிக்கொண்டான். இது பிற்பாடு தெரிந்தது.

ஃபேன் நின்றதும் குழந்தை விழித்துக்கொண்டது. அழுதது. என் வேலை இல்லை என்று உட்கார்ந்திருந்தேன். அழுகை வேறு மாதிரி ஆயிற்று. கன்று கயிற்றில் கால் மாட்டிக்கொண்டு கத்தும்போது அந்தக் குரல் வரும். போய்ப் பார்த்தேன். தொட்டில் துணியில் ஒரு கால் முறுக்கிக்கொண்டிருந்தது. எடுத்துவிட்டேன். எடுத்த பிறகு கீழே வைக்க முடியவில்லை. வைத்தால் இன்னும் கத்துகிறது.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். மிரண்ட காளையைப் படுக்கவைக்கும் முன் அதன் கழுத்துக்குக் கீழே தொங்கும் தாடியைத் தடவிக்கொடுப்போம். தொண்டைக்குள் "ஹோ, ஹோ" என்று தாழ்ந்த குரலில் சொல்வோம். இந்தக் குழந்தைக்கும் தாடைக்குக் கீழே மடிப்பு மடிப்பாகச் சதை. அங்கே ஒரு விரலால் தடவினேன். ஹோ என்றேன். நின்றுவிட்டது. என் மூஞ்சியையே பார்த்தது.

பிறகு கையை வீசி என் கன்னத்தில் அடித்தது. விட்டுவிட்டுத் திரும்ப அடித்தது. அடிக்கிற ஒவ்வொரு தடவையும் சிரித்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் அழுகிறது என்பதால் நின்றுகொண்டே இருந்தேன். முதுகுக்குள் யாரோ ஆணி அடிப்பதுபோல இருந்தது. வேட்டி முழுக்க ஈரம் பண்ணிவிட்டது.

பூபதி மாடிப்படியில் ஓடி வந்திருக்கிறான். மூச்சு வாங்கியது. அறை வாசலில் என்னையும் என் கையில் இருந்ததையும் பார்த்ததும் அப்படியே நின்றான். செத்த பூனைக்குட்டிகளைப் பார்த்துவிட்டு வந்த அன்று நித்யகலாவுக்கு இருந்த முகம்.

"குடுங்ப்பா."

"அழுதுதுன்னு..."

"குடுத்துருங்ப்பா. எங்கிட்ட குடுத்துருங்."

பிடுங்கினான். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் கையைப் பார்த்தான், காலைப் பார்த்தான், தொடையைப் பார்த்தான். இரண்டு காது மடலையும் தூக்கிப் பார்த்தான். குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

நான் கத்தவில்லை. கையைத் தூக்கவில்லை. வேட்டி மாற்றிக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஊசி என்னை முடித்துவிட்டது.

ஜூன் 21, சனி

பக்கத்து அறையில் புருஷனும் பெண்டாட்டியும் பேசியது சுவர் தாண்டிக் கேட்டது. இடது காது மந்தமானவனுக்குத் தான் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்று தெரிவதில்லை.

"அவரு ஒண்ணும் பண்ணலைங்களே. அழுத பிள்ளையைத் தூக்கியிருக்காரு."

"அப்ப எனக்கு ஆறு வயசு, நித்யா. தண்ணித் தொட்டிய நெறைக்காம வெளையாடப் போயிட்டேன். அவ்வளவுதான். அன்னைக்குக் காலையிலகூட என்னையத் தோள்ல வெச்சுக்கிட்டுத்தான் சந்தைக்குப் போனாரு."

பழங்கதை. ஃபேனை வேகமாக வைத்துக்கொண்டேன்.

காய்ச்சல் வந்தது உண்மை. காது போனதற்கு அடுத்த வாரம் வந்தது.

ஜூன் 25, புதன்

டாக்டரிடம் போனோம். உட்காரும் முன்பே ஆரம்பித்தேன்.

"அடுத்த ஊசி வேண்டாமுங்க. நீங்க செஞ்சது போதும். ஒரு கைப்பிள்ளைய நின்னபடியே சுமந்துக்கிட்டு இருந்திருக்கறேன். எம் பையன் எங்கையிலிருந்து பிடுங்கறான், நான் வாயத் தொறக்கலை. இதுக்கு முன்னால எவனாவது எங்கையிலிருந்து பிடுங்கியிருந்தா அவன் பல்லு இருந்திருக்காது. என்னைய மாடாக்கிப் போட்டீங்க."

பூபதி தலையைக் குனிந்துகொண்டான். டாக்டர் கேட்டாள்: "என்னிக்கு ஐயா இது?"

"போன வெள்ளி."

கணினியைத் திருப்பிப் பார்த்தாள். "மாத்திரை சாப்பிட்டீங்களா?"

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

"ஐயா, உங்களைத்தான் கேக்கறேன்."

"இல்லைங்க. செடிக்குப் போட்டுட்டேன்."

அவளுக்குக் கோபம் வந்தது. முதல் தடவையாக எனக்கு அந்தப் பெண்ணைக் கொஞ்சம் பிடித்தது. "அதனாலதான் வலி கூடியிருக்கு. இந்த ஊசி போட்டதும் ஹார்மோன் நிக்காது. மொதல்ல ஒரு வாரம் போல மேல ஏறும், அப்புறம்தான் இறங்கும். அந்த ஏத்தம் கட்டியைத் தூண்டக்கூடாதுன்னுதான் மாத்திரை. இந்தா பாருங்க, வியாழக்கெழமை எடுத்த ரத்தம். ஊசிக்கு முன்னால இருந்ததைவிட ஒன்றரை மடங்கு. நல்ல வாலிபனுக்கு இருக்கற அளவு."

"வியாழக்கிழமையா?"

"வியாழன் சாயந்திரம். வெள்ளிக்கெழமை நீங்க குழந்தையைத் தூக்கினப்ப ஊசி உங்களை ஒண்ணும் மாத்தலை ஐயா. அந்த வேலையை அது இன்னும் ஆரம்பிக்கவே இல்லை."

தாளை என் கையில் கொடுத்தாள். எண்ணைப் பார்த்தேன். எனக்கு ஆங்கிலம் தெரியும், எண்ணும் தெரியும். பரிசோதனைக்கூடத்தில் ஆளை மாற்றி எழுதியிருப்பார்கள் என்றேன். "உங்க பேருதான் போட்டிருக்கு" என்றாள். அந்தப் பையன் ரத்தம் எடுத்த விதமே சரியில்லை என்றேன்.

பூபதி நிமிர்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். நேராக, கண்ணைப் பார்த்து.

அத்தனை ஏறியிருந்தும் என் கை எழும்பவில்லை என்றால், முன்பு எழும்பிய கைக்கு என்ன காரணம் என்று யாரும் கேட்கவில்லை. டாக்டருக்கு அது தெரியாது. தெரிந்தவன் கேட்கவில்லை.

புது மாத்திரை எழுதிக் கொடுத்தாள். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது நான் வழக்கம்போல அவனுக்கு இடப் பக்கம். மழை வரும்போலக் குளிர்ந்திருந்ததால் ஏசி போடாமல் கண்ணாடிகளை இறக்கிவிட்டிருந்தான். காற்று நன்றாக வந்தது. காந்திபுரம் சிக்னலில் வண்டி நின்றபோது நான் ஒன்று சொன்னேன். ஒரே ஒரு வார்த்தை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

பூபதி ஓரமாக வண்டியை நிறுத்தினான். முழுசாகத் திரும்பி உட்கார்ந்து, வலது காதை என் பக்கம் கொண்டுவந்தான்.

"என்னமோ சொன்னீங்களேப்பா. இந்தக் காதுல சொல்லுங்."

"ஏசியக் கொறைன்னேன்."

"ஏசி போடவே இல்லைங்களேப்பா."

"அப்பச் சரி. வண்டிய எடு."

அவன் எடுக்கவில்லை. வெகு நேரம் அப்படியே காதைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.